மாதக் கடைசியும் சர்க்கரை நோயும்

(குடும்ப நல விளக்க வரிசை: சுகாதாரக் கல்வியாளரின் உரை)

 

சர்க்கரை நோயைப் பற்றி நீங்கள் கேட்காத புத்திமதி இல்லை. "சோத்தைக் குறை, இனிப்பைத் தொடாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு, பழம் சாப்பிடு" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பிட வீட்டில் இருக்க வேண்டுமே, இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பதைச் சொல்வார் இல்லை. கேட்டால் கௌரவக் குறைவு என்று நீங்களும் கேட்பதில்லை. ஆகவே இன்று அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன். அரிசிப் பானை காலியாகும் நாட்களில் சர்க்கரை நோயாளி உள்ள குடும்பம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? கணவன் என்ன செய்ய வேண்டும், மனைவி என்ன செய்ய வேண்டும்? இதுவே இன்றைய பேச்சு.

இது பணக்காரர் நோயா?

"அது தின்னு கொழுத்தவனுக்கு வர்ற நோயுங்க, கூலிக்குப் போற நமக்கு எங்கேருந்து வரும்?" என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். இது தவறான எண்ணம். 2023-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கும் அதிகமானோர் அந்த நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள். இத்தனை கோடிப் பேரும் மாடி வீட்டுக்காரர்களாக இருக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

உடல் பருத்தவர்களுக்கு இந்நோய் வருவது உண்மைதான். ஆனால் இளைத்து, எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்கும் வருகிறது. சிறு வயதிலிருந்தே போதிய ஊட்டம் கிடைக்காமல் வளர்ந்தவர்களுக்கு, இன்சுலின் சுரக்கும் கணையம் என்ற உறுப்பு பலம் குன்றியிருக்கக்கூடும். 1985-லேயே உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவோடு சேர்ந்த சர்க்கரை நோய் என்று ஒரு தனி வகையைக் குறிப்பிட்டது. 1999-ல் அந்த வகை பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் வெளிநாட்டு மருத்துவர்களும் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்" என்று யாரும் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. 30 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரும் ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ இரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். செலவில்லை.

வெறும் வயிற்றில் பார்க்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் சரியான அளவு. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் அது சர்க்கரை நோய். ஒரு முறை பார்த்ததை மறுபடியும் ஒரு முறை பார்த்து டாக்டர் உறுதி செய்வார். இடைப்பட்ட அளவில் இருப்பவர்கள் இப்போதே விழித்துக்கொண்டால் நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும்.

பசிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு கூலிக் குடும்பத்தின் மாதத்தை எண்ணிப் பாருங்கள். ரேஷன் வாங்கிய வாரத்தில் பானை நிறையச் சோறு உண்டு. குழம்புக்குப் பருப்பும் உண்டு. இரண்டாவது வாரத்தில் பருப்பு தீர்கிறது. மூன்றாவது வாரத்தில் சோறும் ரசமும், அல்லது களியும் மிளகாய்த் துவையலும். நான்காவது வாரத்தில் இரண்டு வேளை, சில நாள் ஒரு வேளை. இதில் மழை பெய்து வேலை இல்லாமல் போனால் கேட்கவே வேண்டாம்.

இந்த ஏற்ற இறக்கம் நல்ல உடம்பையே வாட்டும். சர்க்கரை நோயாளியின் உடம்பை இரண்டு பக்கமும் அடிக்கும். பருப்போ காயோ இல்லாமல் வெறும் சோற்றையோ களியையோ வயிறு முட்டச் சாப்பிட்டால் அது சீக்கிரம் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறுகிறது. மறுபக்கம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்கிறது. மாதத் தொடக்கத்தில் ஏற்றம், மாதக் கடைசியில் தாழ்வு. இப்படி ஊஞ்சல் ஆடினால் கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் மெல்ல மெல்லப் பழுதாகும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. செல்வம் மிகுந்த அமெரிக்காவில், கலிபோர்னியா மாநில மருத்துவமனைகளின் பல ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த மக்களிடையே, இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் சேர்வது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்ததாம். வசதி உள்ளவர்களிடம் இந்த வேறுபாடு இல்லை. நோய் ஒன்றுதான், மருந்து ஒன்றுதான். கடைசி வாரத்துப் பானைதான் வேறு.

மாத்திரையும் வெறும் வயிறும்

இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து கவனமாகக் கேட்க வேண்டும். சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல.

மெட்ஃபார்மின் என்ற மாத்திரையைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போட வேண்டும். அதை மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவது அபூர்வம். ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு என்ற மாத்திரைகள் வேறு ரகம். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. சோறு வந்ததா வரவில்லையா என்று இவை பார்ப்பதில்லை. சாப்பிடாமல் இவற்றைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ஆகவே சாப்பாடு இல்லாத வேளையில் இந்த மாத்திரையும் இல்லை. சாப்பாடு கிடைத்த அடுத்த வேளையில், அந்த வேளைக்கு உரியதை மட்டும் போடுங்கள். விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள்.

உங்கள் மாத்திரை எந்த ரகம் என்று தெரியவில்லையா? அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். "சாப்பிடாட்டி இதைப் போடலாமா, கூடாதா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அட்டையின் முதுகில் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டில் சோற்றுத் தட்டுப் படம் ஒன்று போட்டு வைத்தால் போதும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. "மாத்திரை போட்டா பசி எடுக்குது, சோத்துக்கு எங்கே போறது" என்று மாத்திரையையே அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதி மாத்திரையாக உடைத்துப் போட்டு, ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டுகிறவர்களும் உண்டு. மருந்துக்காகச் சிக்கனம் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசமே.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கூலி வாங்கிய அன்று வெறும் வயிற்றில் குடிப்பது எல்லோருக்கும் கெடுதல். மேலே சொன்ன மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து. சாராயம் ஈரலின் வேலையைத் தடுத்து, சர்க்கரையை மேலும் தாழ்த்திவிடும். "போதையில கிடக்கார், விடு" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விடியும்போது எழுந்திருக்க மாட்டார். சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சர்க்கரை தாழ்ந்தால் தெரிவது எப்படி?

திடீரென்று வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். அகோரப் பசி எடுக்கும். கண் இருட்டும். பேச்சுக் குழறும். காரணமில்லாமல் கோபப்படுவார், உளறுவார். பார்ப்பவர்கள் இதைக் குடிவெறி என்பார்கள், காற்றுக் கருப்பு என்பார்கள். மந்திரிக்கக் கூட்டிப் போனால் நேரம் போய்விடும். சர்க்கரை நோயாளி இப்படி நடந்துகொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரைத் தாழ்வையே.

உடனே செய்ய வேண்டியது இது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சர்க்கரை இல்லையென்றால் அதே அளவு வெல்லத்தைக் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்தவுடன் கஞ்சியோ களியோ ஏதாவது ஆகாரம் கொடுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் தாழும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். மாத்திரையால் வந்த தாழ்வு சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடியது. எனவே தெளிந்தவரையும் அன்றே சுகாதார நிலையத்தில் காட்டுவது நல்லது.

ரேஷனில் வாங்கும் சர்க்கரையை நோயாளியின் டீயில் போட வேண்டாம். ஆனால் ஒரு சிறு பொட்டலம் கட்டி அவர் சட்டைப் பையிலோ புடவை முந்தானையிலோ முடிந்து அனுப்புங்கள். காட்டில் களை எடுக்கும்போது மயக்கம் வந்தால் அந்தப் பொட்டலம்தான் காப்பாற்றும்.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு

1921-ல் கனடா நாட்டில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு முன்பு, சிறு வயதில் இந்நோய் வந்த குழந்தைகள் பிழைப்பதில்லை. இன்றும் அத்தகைய குழந்தைகளுக்கு இன்சுலின்தான் உயிர். சாப்பாடு குறைவு என்பதற்காகவோ, சாமியார் சொன்னார் என்பதற்காகவோ ஊசியை முழுவதும் நிறுத்தினால் சில நாட்களிலேயே வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு, மூச்சில் பழ வாசனை என்று தொடங்கி உயிரே போய்விடும். அந்த அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் 108.

அதே சமயம், சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பதும் ஆபத்து. ஆகவே நல்ல நாளிலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்: "ஒரு வேளை சாப்பாடு இல்லாமப் போச்சுன்னா எந்த ஊசி எத்தனை யூனிட் போடணும்?" அதை எழுதி வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சாப்பாடு முன்னால் வந்த பிறகு ஊசி போடுவதே பாதுகாப்பு. அடுப்பில் உலை கொதிக்கிறது என்ற நம்பிக்கையில் போட வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஒரு பெரிய மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் ஒரு சிறிய மண் சட்டியை வைத்து, இன்சுலின் குப்பியைத் தண்ணீர் படாமல் பொட்டலமாக அதில் வைத்து, ஈரத் துணியால் மூடி நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள்.

ரேஷன் அரிசிக் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி என்றும் வீட்டில் நான்கு பேர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 167 கிராம் வருகிறது. துவரம் பருப்பு 1 கிலோ என்றால், நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 8 கிராம்தான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரணமாக ஓர் ஆளுக்கு நாள்தோறும் 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பு வகையும் வேண்டும் என்கிறது. ஆக, தேவையோடு ஒப்பிட்டால் விகிதத்தில் அரிசியில் விழும் துண்டைவிடப் பருப்பில் விழும் துண்டே பெரிது. வயிறு சோற்றால் நிரம்பினாலும் உடம்பு பசித்திருப்பதன் காரணம் இதுதான்.

சோற்றை மட்டும் குறை என்று சொல்லிவிட்டுப் போனால், வெயிலில் மண்வெட்டி பிடிப்பவர் எதைத் தின்று வேலை செய்வார்? ஆகவே நான் சொல்வது குறைப்பது அல்ல, மாற்றுவது. ஒரு கரண்டி சோற்றை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு கரண்டி பயறு வைக்க வேண்டும். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, நிலக்கடலை எதுவானாலும் சரி. கொள்ளு மானாவாரிக் காட்டில் விளைவது. பல வீடுகளில் கொள்ளை வேகவைத்து, தண்ணீரை ரசம் வைத்துவிட்டுச் சக்கையை மாட்டுக்குப் போடுகிறார்கள். சத்து சக்கையில்தான் இருக்கிறது. கடைந்து சோற்றோடு சாப்பிடுங்கள். வாரத்தில் சில நாள் முட்டை கிடைத்தால் மிக நல்லது. சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்கள் மட்டும் பயறு எவ்வளவு என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. முருங்கை, அகத்தி, பண்ணைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் வேலியிலும் வரப்பிலும் உண்டு. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு முருங்கையும் ஓர் அவரைக் கொடியும் வையுங்கள். சாப்பிடும்போது கீரையையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைப் பிறகு சாப்பிட்டால், சர்க்கரை ஏறும் வேகம் சற்றுக் குறையும்.

"கேழ்வரகுக் களி சாப்பிட்டா சர்க்கரை ஏறாதாமே?" என்று கேட்கிறார்கள். அப்படி இல்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் அதிகம், நல்ல தானியம். ஆனால் அதுவும் மாவுச் சத்தே. பெரிய உருண்டையாக இரண்டு உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஓர் உருண்டையோடு நிறையக் கீரைக் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சோற்றுக்கும் இதே கணக்குதான், அதுவும் சோறுதான்.

நம் பாட்டிமார் 'பிடி அரிசி' என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அதை மறுபடியும் தொடங்குங்கள். கூடவே 'பிடி பயறு' ஒன்றும் வையுங்கள். ரேஷன் வாங்கிய அன்றே கடைசி ஐந்து நாளுக்கான பங்கை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். முதல் வாரத்தில் ஒரு கரண்டி குறைந்தால் பரவாயில்லை, கடைசி வாரத்தில் ஒரு வேளை தவறக் கூடாது.

கடைசியில் சாப்பிடுகிற தாய்

நம் வீடுகளில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, பானையில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவது தாய்மார் வழக்கம். "எனக்குப் பசிக்கலீங்க, நீங்க சாப்பிடுங்க" என்பார். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இந்தத் தியாகம் அவரைப் படுக்கையில் தள்ளும். காலையில் மாத்திரை, பிறகு வெறும் டீ, மதியம் மூன்று மணிக்கு மிச்சச் சோறு, ராத்திரி பானையில் இருந்தால் உண்டு. இப்படி இருந்தால் எந்த டாக்டராலும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியாது.

கணவன்மார்களே, இது உங்கள் பொறுப்பு. சாப்பிட உட்காரும்போது "உனக்கு எடுத்து வெச்சுட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மனைவிக்கு நோய் என்றால் அவர் தட்டை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாமியார் இருக்கும் வீட்டில் இதை மகன்தான் சொல்ல முடியும், மருமகள் வாயால் சொல்ல முடியாது. நோயாளிக்குத் தனிச் சமையல் தேவையில்லை. அதே குழம்புதான், அதே களிதான். நேரமும் பங்கும் தவறாமல் கிடைத்தால் போதும்.

கருவுறும் முன் யோசியுங்கள்

குடும்ப நலம் என்றால் குழந்தை எண்ணிக்கை மட்டுமல்ல. சர்க்கரை நோயுள்ள பெண், சர்க்கரை கட்டுக்குள் வராத நிலையில் கருவுற்றால் கரு கலையவும், குழந்தை குறையோடு பிறக்கவும் கூடும். ஆகவே குறைந்தது மூன்று மாதம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, டாக்டரிடம் கேட்டு, ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கிய பிறகே குழந்தைக்குத் திட்டமிடுங்கள். அதுவரை காப்பர்-டி அல்லது ஆணுறை பயன்படுத்தலாம். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கும் காப்பர்-டி ஏற்றதே. குடும்பம் போதும் என்று முடிவெடுத்த தம்பதியர், நோயுள்ள மனைவியை ஆபரேஷனுக்கு அனுப்புவதற்கு முன், கணவர் தழும்பில்லாத ஆண் கருத்தடைச் சிகிச்சை செய்துகொள்ளலாமே என்று யோசியுங்கள். சில நிமிட வேலை, பலம் குறையாது.

கர்ப்ப காலத்தில் மட்டும் வரும் சர்க்கரையும் உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா போன்ற மருத்துவர்களின் முயற்சியால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யும் முறை தமிழ்நாட்டில் வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்ப காலச் சர்க்கரை. இதற்குப் பட்டினியோடு வர வேண்டிய அவசியம் இல்லை. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் பயந்து பட்டினி கிடக்காதீர்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிட வேண்டிய காலம் அது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் தெரியுமா? 1944–45 குளிர்காலத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, நெதர்லாந்து நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் பரிசோதித்தபோது, அவர்கள் உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்ததைக் கண்டார்கள். தாய் பட்டினி கிடந்தால் அது பிள்ளையின் ஐம்பதாவது வயதிலும் பேசும். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாதீர்கள். அது அந்தத் தாய்க்கு உரியது.

காலைக் காப்பாற்றுங்கள்

சர்க்கரை நோயில் கால் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. செருப்பில்லாமல் காட்டுக்குப் போக வேண்டாம். தினமும் இரவில் கணவன் காலை மனைவியும் மனைவி காலைக் கணவனும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால் மூன்றையும் பாருங்கள். புண்ணோ கொப்புளமோ கண்டால் சாம்பலும் மஞ்சளும் அப்பாமல் மறுநாளே செவிலியரிடம் காட்டுங்கள். மூன்று நாள் தாமதம் ஒரு விரலை வாங்கும், மூன்று வாரத் தாமதம் ஒரு காலை வாங்கும். குடும்பத்தின் கூலி அந்தக் காலில்தான் இருக்கிறது.

செவிலியரிடம் மறைக்காதீர்கள்

கடைசியாக ஒன்று. செவிலியர் வீட்டுக்கு வந்து "ஒழுங்காச் சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டால், "சாப்பிடறேங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். வீட்டு மானம் போய்விடும் என்ற பயம். அதன் விளைவு என்ன? சர்க்கரை குறையவில்லை என்று பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். கூட்டிய மாத்திரை, பட்டினி நாளில் ஆளைச் சாய்க்கிறது. அவருக்கு உண்மை தெரிந்திருந்தால், தாழ்வு உண்டாக்காத மாத்திரையாக மாற்றியிருப்பார்.

ஆகவே செவிலியர் சகோதரிகளும் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும். "கடந்த சில மாதத்துல, வாங்கி வெச்சது தீர்ந்துடுமோன்னு கவலைப்பட்டதுண்டா? தீர்ந்துபோய் மறுபடி வாங்கக் காசில்லாம இருந்ததுண்டா?" அதை நாலு பேர் முன்னால் கேட்காமல், தனியே கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அட்டையில் குறித்து டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போயிருந்தால் சேர்க்கவும், முதியோர் உதவித்தொகைக்கு எழுதவும், குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்க்கவும் வழிகாட்ட வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் 1982 முதல் சத்துணவும், 2022 முதல் காலை உணவும் பெறும் வகை செய்யப்பட்டிருக்கிறது. பள்ளிக்குத் தவறாமல் அனுப்பினால் வீட்டுப் பானைக்கும் அது உதவி.

பசி என்பது குற்றமல்ல. காய்ச்சலை டாக்டரிடம் சொல்வது போலவே பசியையும் சொல்லலாம்.

மனத்தில் வைக்க வேண்டியவை

1. சாப்பாடு இல்லாத வேளையில் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை வேண்டாம். இன்சுலினைத் தானாக முழுவதும் நிறுத்தவும் வேண்டாம்.

2. வியர்வை, நடுக்கம், உளறல் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

3. ஒரு கரண்டி சோறு குறைந்தால் ஒரு கரண்டி பயறு கூட வேண்டும்.

4. ரேஷன் வாங்கிய அன்றே கடைசி ஐந்து நாளின் பங்கை எடுத்து வையுங்கள்.

5. நோயாளி தாயானால் அவர் தட்டு முதலில்.

6. வெறும் வயிற்றில் மது கூடவே கூடாது.

7. பானை காலி என்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியுமாக மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, எது சாப்பாட்டோடு போடுவது, எது பட்டினியில் ஆகாதது என்று ஒரு முறை பிரித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நாளை காலையில் துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.